எத்தனை இஞ்ச் தண்ணி அடிக்கும்?

எங்கள் ஊர் பழனிசெட்டிபட்டியில் ஒரு மோட்டாரை எடைபோட ஒரே கேள்விதான்: "எத்தனை இஞ்ச் தண்ணி அடிக்கும்?" கிணற்று மோட்டார், போர் மோட்டார், வாய்க்கால் ஓரத்து ஆயில் இன்ஜின் எல்லாமே தண்ணீரை மனிதனிடம் கொண்டுவருபவை. மனிதனைத் தண்ணீருக்குள் கொண்டுபோகிற மோட்டாரும் உண்டு என்று சொன்னால், "கொண்டுபோயி?" என்கிறார்கள். இதற்கு என்னிடம் இன்றுவரை பதில் இல்லை.

என் சித்தப்பா வாங்கிவந்தது அப்படிப்பட்ட மோட்டார். மூணாறு பக்கம் ஏதோ எஸ்டேட் பங்களாவைக் காலி செய்தபோது போடிக்குப் பழைய இரும்பாக வந்து இறங்கிய 'பிரிட்டிஷ் சீகல்'. படகின் பின்பலகையில் மாட்டி ஓட்ட வேண்டியது. மேலே இன்ஜின், நடுவில் நீளமான குழாய், அடியில் காத்தாடி. கிலோ கணக்கில் விலை பேசி வாங்கியதில் சித்தப்பாவுக்குப் பெருமை. படகு எங்கே என்று சித்தி கேட்டபோதுதான் பேச்சை மாற்றினார்.

இந்த வகை மோட்டாரை உலகம் முழுக்கப் பரப்பியவர்களில் முக்கியமானவர் ஓலே எவின்ரூட். நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர். ஏரிக்கரையில் காதலி பெஸ் ஐஸ்கிரீம் கேட்டாராம். துடுப்புப் போட்டு அக்கரை போய் வாங்கித் திரும்புவதற்குள் அது உருகிவிட்டதாம். அந்த ரோஷத்தில் பிறந்த மோட்டார் 1909இல் விற்பனைக்கே வந்துவிட்டது என்பது கதை. அங்கே ஐஸ் உருகினால் கம்பெனி பிறக்கிறது. இங்கே குச்சி ஐஸ் உருகினால் முழங்கை வரை நக்கிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறோம்.

பழுது பார்க்க வந்த மெக்கானிக் அண்ணன் மண்ணெண்ணெய் பம்புசெட்டுகளோடு வாழ்ந்தவர். படகு மோட்டாரைக் கண்ணால் கண்டதில்லை. மூடியைத் திறந்ததும் முகம் மலர்ந்தது: "அட, நம்ம வில்லியர்ஸ் மேக்னெட்டு!" உண்மைதான். பழைய சீகல்கள் பலவற்றில் இருப்பது அதே இங்கிலாந்து வில்லியர்ஸின் மேக்னெட். நாற்றங்காலுக்குத் தண்ணீர் இறைத்ததும், துரையை மீன்பிடிக்கக் கூட்டிப்போனதும் ஒரே குடும்பத்துப் பொறி.

பாயிண்டை உப்புத்தாளால் தேய்த்தார். கண்டன்சரை மாற்றினார். பிளக்கைக் கழற்றி இன்ஜின் மேல் சாய்த்து வைத்துக் கயிற்றை இழுத்தார். பிளக் நுனியில் நீலமாக ஒரு சொடுக்கு. "கரண்டு வந்துருச்சு!" தெருப் பிள்ளைகள் கைதட்டினார்கள். அடிப்பெட்டிக்கு 140ஆம் நம்பர் கியர் ஆயில். பெட்ரோலுக்கோ பத்துக்கு ஒன்று ஆயில் கலக்க வேண்டும், அதாவது லிட்டருக்கு 100 மில்லி. பங்க் பையன் சிரித்தான்: "மொபெட்டுக்கு இதுல பாதிகூட ஊத்த மாட்டாங்கண்ணே. கொசு மருந்து அடிக்கவா?"

சீகலில் இன்னொரு விசேஷம். எங்களுடையதில் நியூட்ரல் இல்லை, ரிவர்ஸும் இல்லை. ஸ்டார்ட் ஆன நொடியே கிளம்பிவிடும், எங்கள் ஊர் மினிபஸ் மாதிரி. ஸ்டார்ட் செய்யும் கயிறும் தனி. சுற்றி இழுத்தால் கையோடு வந்து, பின்னால் நிற்பவர் முகத்தில் ஒரு போடு போடும். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் சீக்கிரமே பக்கவாட்டில் நிற்கப் பழகிக்கொண்டார்கள்.

தண்ணீரில் இறக்கும்முன் டிரம்மில் ஓட்டிப் பார்ப்பதுதான் முறை. குழாயில் தண்ணீர் வராத நாளுக்கென்று சித்தி நிரப்பி வைத்திருந்த நீல டிரம் அதற்குப் பலியானது. காத்தாடியைக் கழற்றலாம் என்றேன். "ஃபேன் இல்லாம ஓட்டுறது ஒரு ஓட்டமா?" என்றார் மெக்கானிக் அண்ணன்.

புகை மண்டலத்துக்கு நடுவே இன்ஜின் இரைந்தது. அடியிலிருக்கும் குட்டி பம்ப் தண்ணீரை உறிஞ்சி, சிலிண்டரைச் சுற்றி ஓடவிட்டு, ஒரு துளை வழியாக வெளியே துப்பும். அது வந்தால்தான் இன்ஜின் பிழைக்கும். வந்தது, பென்சில் கனத்தில். நாங்கள் குதித்தோம். பக்கத்து வீட்டுப் பெரியவர் மட்டும் உதட்டைப் பிதுக்கினார்: "இம்புட்டுத்தானா? ஒரு பாத்தி நனையாதே."

சித்தப்பாவுக்கு வந்ததே கோபம்! ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகினார். டிரம்மிலிருந்த தண்ணீர் மொத்தமும் எழுந்து, சுவரைத் தாண்டிப் பெரியவர் வீட்டு முருங்கையைக் குளிப்பாட்டியது. தலையைத் துவட்டியபடியே அவர் தீர்ப்புச் சொன்னார்: "இப்பச் சொல்லு! ரெண்டு இஞ்சுக்குக் குறையாது."

அடுத்து, எங்கே ஓட்டுவது? முல்லைப் பெரியாறு ஊரை ஒட்டித்தான் போகிறது, தடுப்பணையும் இருக்கிறது. ஆனால் அது எங்கள் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக வயல்கள் கண்வைத்துக் காத்திருக்கும் தண்ணீர். அதில் நாங்கள் புகைவிட்டபடி உல்லாசம் போனால், கரையில் நிற்பவர்கள் கையாட்ட மாட்டார்கள், கல்லெடுப்பார்கள். வைகை அணைக்குப் போகலாமென்றால், அங்கே மீனவர்களிடம் இருப்பது பரிசல். அதில் எது பின்பக்கம் என்று பரிசலுக்கே தெரியாது. மோட்டாரை எங்கே மாட்டுவது?

கடைசியில் ஆலப்புழை நண்பர் ஒருவர் படகு தருவதாகச் சொன்னார். மேற்கே ஓடிய பெரியாற்றுத் தண்ணீரை அணை கட்டிக் கிழக்கே திருப்பியவர் பென்னிகுக். அது 1895இல். அவர் பாடுபட்டுத் திருப்பியது போதாதென்று, தண்ணீர் தேடி மேற்கே கிளம்புகிறோம் நாங்கள்.

புறப்படும்முன் பூஜை. புதுவண்டிக்குச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பார்கள், இதற்குச் சக்கரம் ஏது? பாட்டி யோசித்துவிட்டுக் காத்தாடிக்கு அடியில் வைத்தார். பெட்ரோல் டேங்க் பக்கம் போன கற்பூரத் தட்டைச் சித்தி ஓடிவந்து பிடுங்கினார். மோட்டாரை வேனில் ஏற்றியதும் சித்தப்பாவிடம் கேட்டார்:

"போற எடத்துல தண்ணி நெறயாக் கெடக்குமாம்ல? அந்த டிரம்மையும் ஏத்திட்டுப் போயி நெறச்சுட்டு வாங்க."