உடன் வந்தவனின் விண்ணப்பம்

மகா கனம் பொருந்திய மாவட்ட அரசு மருத்துவமனை நிர்வாக சமுகத்திற்கு, சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை தங்கள் ஓ.பி. சீட்டு வரிசையில் இரண்டு மணி நேரம் நின்று ஞானம் பெற்றுத் திரும்பிய பிரஜை ஒருவன் பணிவோடு சமர்ப்பிக்கும் விண்ணப்பம்.

முதற்கண் என் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன். ஐம்பத்து மூன்று வயது வரையில் நான் யார் என்னும் கேள்விக்கு விடை தேடி, விரதம் இருந்தும் மலையேறியும் காணாத ஒருவனுக்கு, தங்கள் முதலாம் எண் சாளரத்தில் வீற்றிருக்கும் அம்மையார் ஒரே வாக்கியத்தில் விடை தந்தருளினார். பின்னால் நிற்பவர் காதில் விழாதிருக்கும் பொருட்டுக் கம்பி வலையோடு முகத்தை ஒட்டவைத்து, 'மனநலப் பிரிவு' என்று நான் முணுமுணுத்தபோது, அவர் எதிரிலிருந்த மைக்கை அணைக்கும் சிரமத்தை மேற்கொள்ளாமலே, "மெண்டல் ஓ.பி.யா? பேஷண்ட் எங்கே?" என்று வினவினார். நான்தான் என்றேன். "நீங்க இல்ல சார், பேஷண்ட்!" என்றார். அன்று தெளிந்தேன்: நான் பேஷண்ட் அல்லேன், பேஷண்டுடன் வந்தவன். பேஷண்ட்தான் இன்னும் வந்து சேரவில்லை.

அந்த மைக்கின் மகிமையைத் தனியே பாராட்ட வேண்டும். அடுத்த வரிசையில் கண்புரைக்குச் சீட்டு வாங்க நின்ற எங்கள் தெருக்காரர், கண் மங்கியவரேயன்றிக் காது மங்கியவர் அல்லர் என்பது அன்று மாலைக்குள் நிரூபணமாயிற்று. கோயம்புத்தூரிலிருந்து என் மனைவியின் தமையனார் தொலைபேசியில் அழைத்து, "என்ன மாப்ளே, எதையும் மனசுல போட்டுக் கொழப்பிக்காதீங்க, ரெண்டு நாள் ஊட்டிக்குப் போயிட்டு வாங்க" என்று வைத்தியமும் சொல்லிவிட்டார். மனநோய் பற்றிய செய்தி எதுவும் ரகசியமாகக் காக்கப்பெறும் உரிமை நோயாளிக்கு உண்டென்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் 23ஆம் பிரிவில் கூறுகிறது. அரசு நடத்தும் மனநலச் சிகிச்சையைப் பெறும் உரிமை எல்லோருக்கும் உண்டென்று 18ஆம் பிரிவு கூறுகிறது. 2018 மே மாதமே நடைமுறைக்கு வந்த அச்சட்டம் தங்கள் வளாகத்துள் இன்னும் நுழையாததன் காரணம் எனக்கு விளங்காமலில்லை. அதுவும் துணைக்கு ஆள் இல்லாமல் தனியாக வந்திருக்கும்.

சீட்டில் என் பெயர் எழுதப்பட்டதும் எல்லாம் முடிந்ததென்று எண்ணியது என் பேதைமை. சவக்கிடங்கைச் சுற்றிக்கொண்டு போகும் வழியில் காவலாளி கேட்டார், பேஷண்ட் எங்கே என்று. வாயிலில் நின்ற செவிலியர் கேட்டார். கோப்பு எடுத்துத் தரும் பெரியவர், என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டே கேட்டார். நானும் ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டேன் என்பதை மறைப்பானேன்? இறுதியில் செவிலியர், "அட்டெண்டர் இல்லாம டாக்டர் பாக்கமாட்டார், யாரையாச்சும் கூட்டிட்டு வாங்க" என்று தீர்ப்புக் கூறினார். யாரிடமும் சொல்ல முடியாத ஒன்றைச் சொல்வதற்காக வந்தவனிடம், அதை முன்னமே அறிந்த ஒருவரை உடன் கொண்டு வா என்று கேட்கும் இந்த விதியை வகுத்த மேதை யாரோ, அவருக்கு என் நமஸ்காரம்.

வராந்தாவில், மடியில் தூக்குப்பாத்திரத்தோடு, கரும்பு வெட்டும் கூலியாள் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மனைவிக்கு மாதாமாதம் மாத்திரை வாங்க வருகிறவராம். எனக்கு அட்டெண்டராக வர இயலுமா என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கேலி செய்யாமல், காரணமும் கேட்காமல் எழுந்து வந்தார். மருத்துவர் நல்லவர், வெளியே நாற்பது ஐம்பது பேர் காத்திருக்கையில் எவரும் எவ்வளவு நல்லவராக இருக்க முடியுமோ அவ்வளவு நல்லவர். தங்கள் சம்பிரதாயப்படி அவர் என்னைக் கேளாமல் உடன் வந்தவரையே நோக்கி, "எத்தனை நாளா இப்படி?" என்றார். என் பெயர்கூடத் தெரியாத அந்த மனிதர் தரையைப் பார்த்தபடி விடை சொன்னார்: "ஆறு மாசமாத் தூக்கம் இல்லீங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு வாசல்ல குந்திக்கிறது. சோறு எறங்கறதில்ல. யார்கிட்டயும் பேசத் தோணல. எதுக்கு இருக்கோம்னு இருக்குதுங்க."

அவர் கூறியது என் நோய் அன்று, அவருடைய நோய். ஆயினும் ஓர் எழுத்தும் மாறாமல் அது எனக்குப் பொருந்தியமையால், மருத்துவர் எழுதித் தந்த மாத்திரையை நான் வாங்கிக்கொண்டேன். வெளியே வந்ததும், "நீங்களும் ஒரு சீட்டுப் போட்டுக் காட்டக்கூடாதா?" என்று கேட்டேன். "நாங்க பொம்பளைய கூட்டியாந்து காட்டுறோம். எங்களெ யாருங்க கூட்டியாருவா?" என்றார். பிறகு மனைவியின் மாத்திரைப் பொட்டலத்தைத் தூக்குப்பாத்திர மூடிக்குள் பத்திரப்படுத்திக்கொண்டு பேருந்துக்கு நடந்தார்.

சமுகத்தின் முன் குரலை உயர்த்துவது மரியாதையாகாது. ஆனாலும் இதை மட்டும் சொல்லிவிடுகிறேன். 2022ஆம் ஆண்டில் இந்நாட்டில் தற்கொலை செய்துகொண்டவர் 1,70,924 பேர்; அவர்களில் ஆண்கள் 1,22,724 பேர். மொத்தத்தில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் தினக்கூலிகள். நம் மாநிலத்தின் கணக்கு மட்டும் 19,834. அரசாங்கமே எண்ணி அரசாங்கமே அச்சிட்ட கணக்கு இது. பேஷண்ட் எங்கே, பேஷண்ட் எங்கே என்று கேட்கிறீர்களே, இதோ, தங்கள் ஏட்டிலேயே இருக்கிறார்கள். உயிரோடு ஒருவன் தன் காலால் நடந்து வந்து நான்தான் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். பிணவறைக்கு வந்த பிறகு ஒரு கேள்வியும் கேளாமல் பெயர் எழுதிக்கொள்வீர்கள். வெட்கமாக இல்லையா?

மன்னிக்க வேண்டும். தூக்கம் குறைந்தவனுக்கு நாவடக்கமும் சற்றுக் குறையும் என்று அந்த நல்ல மருத்துவரே சொன்னார்.

தங்கள் நிர்வாகத்தின் விளம்பரத் திறமையை அடியேன் குறை கூறுவதாக எண்ணிவிடலாகாது. இரவும் பகலும் எந்நேரமும் 14416 என்னும் எண்ணில் அழைத்துக் கட்டணமின்றி மனத்துயரைப் பேசலாம் என்ற அருமையான செய்தி, 2022 அக்டோபர் முதல் நாடு முழுதும் நடைமுறையில் உள்ள ஏற்பாடு, தங்கள் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது. தலையில் கைவைத்த ஒரு பெண்ணின் படத்தோடு. மகப்பேறுப் பிரிவின் உள்வராந்தாவில். 'ஆண்களுக்கு அனுமதியில்லை' என்ற பலகைக்கு அப்பால். பிரசவத்திற்குச் சேர்ந்திருந்த என் மகள் படித்துவந்து சொன்னமையால் தெரிந்துகொண்டேன். மகள் இல்லாதவர் கதி யாது என்று தெரியவில்லை. ஓரிரவு இரண்டரை மணிக்கு அந்த எண்ணை அழைத்தேன். எதிர்முனையில் பேசிய பெண் என்னைக் கேட்ட முதற்கேள்வி, "சொல்லுங்க, உங்களுக்கு என்ன செய்யுது?" என்பது. 'உங்களுக்கு' என்ற அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் சிறிது நேரம் என்னால் பேச முடியவில்லை.

தங்கள் மருத்துவமனையை நடத்தும் அதே அரசாங்கம் இன்னொரு நிலையமும் நடத்துகிறது. 2003ஆம் ஆண்டு தொடங்கி மதுவைச் சில்லறையில் விற்கும் பொறுப்பையும் தானே ஏற்றுக்கொண்ட அவ்வரசாங்கம், அங்கே ஆண்மகனை உபசரிக்கும் அழகே அழகு. நண்பகல் திறந்தால் இரவு பத்து மணி வரை சாளரம் மூடுவதில்லை. சீட்டு இல்லை, அட்டெண்டர் இல்லை, மைக் இல்லை. தூக்கமில்லாத ஆண் எவனும் தனியே போய் நிற்கலாம். பேஷண்ட் எங்கே என்று அங்கே இதுவரை எவரும் கேட்டதில்லை.

ஆண் அழலாகாது என்பது தமிழ்ப் பண்பாடு என்று என் மைத்துனரைப் போன்றோர் சொல்லக்கூடும். தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டனுள் அழுகையை இரண்டாவதாக வைத்து, அது பிறக்கும் களங்கள் இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு வகுத்தார். பெண்பாலார்க்கு மட்டும் என்று விதி செய்யவில்லை, உடன் ஆள் வேண்டும் என்றும் கேட்கவில்லை. இளிவு என்றால் அவமானம். அவர் காலத்தில் மைக் இருந்திருந்தால் அதை இன்னும் சற்று விரித்து எழுதியிருப்பார். பின்வந்த நாமோ, 1794ஆம் ஆண்டிலேயே மனநோயாளருக்கென்று சென்னையில் ஒரு நிலையம் கண்ட நாமோ, அது இருக்கும் கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப்பெயரை இன்றளவும் வசவாகவே வழங்கிவருகிறோம்.

ஆகையால் சமுகத்திடம் நான் இரந்து கேட்பது சொற்பமே. அந்த 14416 சுவரொட்டியை மகப்பேறு வராந்தாவிலிருந்து எடுக்க வேண்டாம். அங்கும் அது தேவை. ஆனால் சலூன் கண்ணாடியின் ஓரத்திலும், டீக்கடைப் பெஞ்சுக்கு எதிரிலும், ஆட்டோ ஸ்டாண்டிலும், முடிந்தால் அந்த இன்னொரு சாளரத்தின் கம்பியிலும் இடத்துக்கொன்றாக ஒட்டச் செய்யுங்கள். படத்தில் வேட்டி கட்டிய ஒருவனையும் தலையில் கைவைக்க அனுமதியுங்கள். மைக்கை மனநலச் சீட்டுக்கு மட்டுமாவது அணைக்கச் சொல்லுங்கள். தனியே வருகிறவனைத் தனியே உட்காரவைத்துக் கேளுங்கள்.

எனக்குத் தந்த மாத்திரை வருகிற செவ்வாயோடு தீர்கிறது. கரும்பு வெட்டுகிறவரின் மனைவிக்கும் அன்றைக்குத்தான் மாத்திரை நாள். காலை எட்டு மணிக்கு வரிசையில் நிற்பேன்; அவரையும் என் பக்கத்தில் நிறுத்திவைப்பேன். பேஷண்ட் எங்கே என்று அம்மையார் வழக்கம்போல் கேட்கட்டும். இரண்டு சீட்டாகப் போடும்படி மட்டும் அவருக்கு முன்கூட்டியே சொல்லி வைக்கப் பிரார்த்திக்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் ஏட்டின்படி, உடன் வந்தவன்.