தலைப்பாகையோடு போனது

திருநின்றவூருக்கும் செவ்வாப்பேட்டைக்கும் நடுவே, அரக்கோணம் மின்சார ரயில் பாதையில் இருக்கிறது வேப்பம்பட்டு. அங்கே வீதிக்கு ஒருவராவது இப்படி இருப்பார். ஐம்பதைத் தாண்டிய வயது, அம்பத்தூர் எஸ்டேட்டிலோ கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ வேலை, தவணையில் வாங்கிய மனை. அவர் ஜோசியர் இல்லை. ஜோசியர்களிடம் போய்ப் போய்க் கரைகண்டவர். யாருக்கு என்ன சங்கடம் வந்தாலும் போகவேண்டிய ஊரும் கிழமையும் அவர் விரல்நுனியில் இருக்கும். வீடு அமையவில்லையா, சிறுவாபுரி முருகனுக்கு ஆறு செவ்வாய். பிள்ளை இல்லையா, புட்லூர் அம்மன். சனி படுத்துகிறதா, திருநள்ளாறு. எதுவும் பிடிபடவில்லை என்றால் வைத்தீஸ்வரன்கோயிலில் ஏடு பார்த்துவிட வேண்டியது. இதைவிடப் பெரிய விசேஷம், இந்த வழிகாட்டலால் தான் பட்ட அவதிகளை அவரே சிரிக்கச் சிரிக்கச் சொல்வதுதான். நல்ல நேரம் பார்த்து எடுத்த வண்டி மூன்றாம் நாளே பள்ளத்தில் இறங்கியது. வாஸ்துவுக்காக இடம் மாற்றிய நிலைப்படியில் தினமும் நெற்றி இடிக்கிறது. உள்ளங்கையில் படுத்திருந்த தேங்காய் நிமிர்ந்து நின்ற இடத்தில் போர் போட்டால் புழுதிதான் பறந்தது. கேட்கிறவர்கள் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் அந்த ஜோசியருடைய செல் நம்பரை வாங்கிக்கொண்டு போவார்கள். தோற்றுப்போன கதையைக் கேட்டுவிட்டு நம்பர் வாங்குகிறவர்களை முட்டாள் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அவர்களுக்கு அது தோற்ற கதையாகப் படுவதே இல்லை.

காரணம் ஒரு பழமொழியில் இருக்கிறது: தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு. ஜோசியர் கண்டம் என்கிறார், பரிகாரம் சொல்கிறார், நம்மவர் செய்கிறார். பிறகு ஒன்றுமே நடக்கவில்லை என்றால் பரிகாரம் வேலை செய்துவிட்டது. முட்டியில் சிராய்ப்பு என்றால் பெரியது சின்னதோடு போனது. கால் முறிந்தால், பார்த்தீர்களா, அவர் அன்றைக்கே சொன்னார். இந்த மூன்றைத் தாண்டி நான்காவதாக ஒன்று நடக்க உலகத்தில் இடம் இல்லை. ஆகவே பள்ளத்தில் விழுந்த வண்டி ஜோசியருக்கு எதிரான சாட்சி ஆகாது. அவர் கணக்கில் விழுந்த வரவு. சிராய்ப்புகள் கூடக் கூட நம்மவருக்கு நம்பிக்கையும் கூடுவது இதனால்தான். இது வேப்பம்பட்டுக்கு மட்டும் உரிய கோளாறும் அல்ல. 1962 பிப்ரவரியில் எட்டுக் கிரகங்கள் மகரத்தில் கூடுகின்றன, உலகம் அழியப்போகிறது என்று இந்தியா முழுக்கக் கிலி பிடித்து, ஊர் ஊராக யாகம் நடந்தது. உலகம் அழியவில்லை, அதே மாதம் பொதுத்தேர்தல்கூட நடந்து முடிந்தது. யாகம் செய்தவர்களுக்கு அதனால் ஒரு குறையும் இல்லை, காப்பாற்றியதே யாகம்தானே. அமெரிக்காவில் 1954 டிசம்பர் 21 அன்று பிரளயம் வரும் என்று காத்திருந்த ஒரு குழுவை லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற உளவியலாளர் கூடவே ஆள் வைத்துக் கவனித்தார். வெள்ளம் வராதபோது அந்தக் குழு சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான்: எங்கள் பக்தியால் உலகம் பிழைத்தது. அவர்கள் தலையில் தலைப்பாகை இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

சொன்னதை நடந்ததோடு பொருத்துகிற உழைப்பு முழுவதும் வாடிக்கையாளருடையது என்பதற்குத் தினசரி காலண்டரே போதும். ராசிக்கு ஒரு சொல்: வரவு, செலவு, பெருமை, அலைச்சல். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்கள்தொகை 7.21 கோடி. பன்னிரண்டால் வகுத்தால் ராசிக்குச் சுமார் 60 லட்சம் பேர். மேஷத்துக்கு அலைச்சல் என்று அச்சடித்த நாளில் 60 லட்சம் பேர் கூடுதலாக அலைந்திருந்தால் திருவள்ளூர் லோக்கலில் யாரும் கால் வைத்திருக்க முடியாது. ஆனால் நம்மவர் அன்று மாலை செருப்பைக் கழற்றும்போது, ‘காலையிலேயே போட்டிருந்தான்’ என்பார். பெர்ட்ரம் ஃபோரர் என்ற பேராசிரியர் 1948இல் தன் மாணவர்கள் 39 பேருக்கும் ஒரே குணப்பலனை, தனித்தனியாக எழுதியதுபோல் கொடுத்தார். பெரும்பாலான வரிகள் கடையில் விற்கும் ஜோசியப் புத்தகத்தில் எடுத்தவை. எவ்வளவு பொருந்துகிறது என்று கேட்டதற்கு ஐந்துக்குச் சராசரியாக 4.26 மதிப்பெண் போட்டார்கள். நாடி ஜோசியத்தில் இந்த ஒத்துழைப்பு இன்னும் வெளிப்படை. ஆணுக்கு வலது, பெண்ணுக்கு இடது கட்டைவிரல் ரேகை. பிறகு கட்டுக் கட்டாக ஓலை. ‘அப்பா பெயர் வல்லின எழுத்தில் ஆரம்பிக்குமா?’ இல்லை. அடுத்த ஏடு. ‘கூடப் பிறந்தவர் மூவரா?’ ஆமாம். இப்படி ஒரு மணி நேரம் ஆமாம், இல்லை சொல்லிவிட்டு வெளியே வருகிறவர், என் அப்பா பெயரையே புட்டுப்புட்டு வைத்தார் என்று பூரிக்கிறார். எடுத்துக் கொடுத்தது யார் என்பது வாசற்படி தாண்டும்போதே மறந்துவிடுகிறது.

அப்படியானால் உண்மையாகவே பலிப்பதே இல்லையா என்று கேட்பார்கள். சோதித்துப் பார்த்தவர் வானியற்பியலாளர் ஜயந்த் நார்லிகர். மகாராஷ்டிரத்தில் 100 கெட்டிக்கார மாணவர்கள், 100 மனவளர்ச்சி குன்றிய குழந்தைகள் ஆகியோரின் பிறப்பு விவரங்களைக்கொண்டு கணித்த ஜாதகங்களை, ஆளுக்கு 40 வீதம், ஜோசியர்களிடம் கொடுத்தார். எது யாருடையது என்று பிரித்துச் சொன்னால் போதும். பதில் தந்த 27 பேரின் சராசரி 46 சதவீதம்; காசைச் சுண்டிப் பார்த்திருந்தால் ஐம்பது வந்திருக்கும். ‘வானிலை அறிக்கையும்தான் தப்புகிறது’ என்பது நம்மவருக்குப் பிடித்த பதில். சரிதான். லீவு விட்ட அன்று வெயில் அடித்தால் ஊரே சென்னை வானிலை மைய அதிகாரி ரமணனைக் கேலி செய்தது. ஆனால் அந்தத் தவறு வானிலை மையத்தின் பேரிலேயே எழுதப்பட்டது. யாரும் மழையின் பிறந்த நேரத்தைச் சந்தேகிக்கவில்லை. ஜோசியம் தப்பினால் மட்டும் ஆஸ்பத்திரி கடிகாரம் ஐந்து நிமிஷம் ஃபாஸ்ட் என்று ஆகிவிடுகிறது. ஐந்து நிமிஷத்துக்கு இவ்வளவு கறாரானவர்கள் சனிபகவானை எப்படி நடத்துகிறார்கள் என்று பாருங்கள். திருக்கணிதப்படி அவர் 2023 ஜனவரி 17 அன்று கும்பத்துக்குப் போய்விட்டார். திருநள்ளாறு பின்பற்றும் வாக்கியப் பஞ்சாங்கப்படி டிசம்பர் 20 அன்றுதான் போனார். நடுவில் பதினொரு மாதம். நம்மவர் இரண்டுக்கும் அர்ச்சனை செய்துவிட்டார்.

கடைசியாக ஓர் ஆட்சேபம் இருக்கிறது, அதுதான் கனமானது: இதில் யாருக்கு என்ன நஷ்டம்? மனுஷனுக்கு ஒரு தெம்பு, குடும்பத்தோடு நாலு கோயில், சொல்லிச் சிரிக்க நாலு கதை. அவரளவில் இதை மறுக்க முடியாது. திங்கட்கிழமை ராகு காலம் ஏழரை முதல் ஒன்பது, அதாவது வேலைக்குப் போகிற ரயிலின் நேரம். நம்மவர் அதற்காக ஒருநாளும் சம்பளத்தை இழந்ததில்லை; ஏழு இருபத்தைந்துக்கே கேட்டைத் தாண்டி வெளியே நின்றுகொள்வார், புறப்பட்டாயிற்று. தன் பிழைப்பு என்று வரும்போது வளைகிற சாஸ்திரம், பையனுக்குப் பெண் பார்க்கும்போது விறைத்துக்கொள்கிறது. மூலம் மாமனாருக்கு ஆகாது, ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது, கேட்டை மூத்த மைத்துனனுக்கு, விசாகம் இளையவனுக்கு, பூராடம் நூலாடாது. இருபத்தேழில் ஐந்து நட்சத்திரம் போயிற்று. ஏறக்குறைய ஐந்தில் ஒரு பெண்ணின் ஜாதகம் காபி ஆறுவதற்குள் திரும்பி வருகிறது. இதை அவள் சிரிக்கச் சிரிக்கச் சொல்ல முடியாது. அதனால் பெண்ணைப் பெற்றவர்களும் சாஸ்திரத்தை வளைக்கக் கற்றுக்கொள்கிறார்கள். அதிலும் மூலத்துக்காரியின் பாடு தனி. பிறந்த நேரத்தைப் பின்னால் நகர்த்தினால் கேட்டை, முன்னால் நகர்த்தினால் பூராடம், இரண்டும் ஆகாதவை. ஐந்து நிமிஷத் திருத்தம் அவளுக்குப் போதாது, பிறந்த தேதியையே முழுசாகத் தாண்டி உத்திராடத்தில் கொண்டுபோய் இறக்க வேண்டும். இறக்கிவிடுகிறார்கள். பத்துக்கு எட்டுப் பொருத்தம், கல்யாணம். ஆறாம் மாதம் பையனுக்குப் பிரமோஷன் வந்தால், உத்திராடத்துக்காரி வந்த ராசி என்று நம்மவர் தெருவெல்லாம் சொல்லி வருவார். மருமகள் உள்ளே காபி கலந்துகொண்டிருப்பாள்.