நாய் வாங்கப் போகிறவர்

எங்கள் குடியிருப்பில் நாய் வளர்ப்பவர்கள் நாலைந்து பேர். நாயைப் பற்றி எல்லாம் தெரிந்தவர் ஒருவர்தான். அவரிடம் நாய் கிடையாது. எனக்குத் தெரிந்த நாளிலிருந்தே அடுத்த மாதம் வாங்கப் போகிறார்.

காலையில் யாராவது நாயைப் பிடித்துக்கொண்டு வந்தால் போதும், வழியிலேயே குத்தவைத்து உட்கார்ந்துவிடுவார். காது மடலைத் திருப்பி, கால் விரலிடுக்கைப் பிரித்துப் பார்த்து, "உண்ணி இருக்கே சார், கவனிக்கலையா?" என்பார். நாய்க்காரர் முகம் சுருங்கிவிடும். பார்வோ ஊசி எத்தனையாவது வாரம், திராட்சை ஏன் ஆகாது, எல்லாம் அத்துப்படி. 1903-இல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு நாயே இல்லாமல் இத்தனை முறை போய் வந்தவர் வேறு யாரும் இருக்க முடியாது.

எந்த இனம் என்பதில்தான் இழுபறி. ராஜபாளையம் என்றால் முகம் மலரும். 2005-இல் தபால்தலையிலேயே ஏறிய வம்சமாயிற்றே! ஆனால் அந்த வெள்ளைக் குட்டிகளில் சிலவற்றுக்குக் காது கேட்காது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். "கூப்பிட்டா வராதது வீட்ல ஏற்கெனவே ரெண்டு இருக்கு" என்று மகன்கள் பக்கம் கையைக் காட்டினார். சிப்பிப்பாறைக்கு ஓட இடம் வேண்டும். லாப்ரடார் முடி கொட்டும். ஹஸ்கிக்குப் பகலெல்லாம் ஏ.சி. ஓட வேண்டும், "நமக்கே ராத்திரி பத்து மணிக்கு மேலதான் சார் போடறோம்." தெருவில் ஒரு குட்டியைத் தத்தெடுக்கலாமே என்று கேட்டால் மட்டும், மழை வருகிறதா என்று வானத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

நாய் வளர்க்கும் சுகத்தைச் சொல்லாமல் விடுகிறவரும் அல்ல. "ஆபீஸ் விட்டு வந்தா நமக்காக வாலை ஆட்ட ஒரு ஜீவன் வேணும் சார்" என்னும்போது குரல் தழுதழுக்கும். உள்ளேயிருந்து அவர் வீட்டம்மா, "காலைல அஞ்சரைக்கு யாருங்க வெளிய கூட்டிட்டுப் போறது? கவர் போட்டு யாரு அள்றது?" என்பார். குரல் உடனே சரியாகிவிடும். இத்தனைக்கும் பெயர் எப்போதோ வைத்தாயிற்று: டைகர்.

பெரிய முட்டுக்கட்டை, சித்திரையில் வரும் ஊர்க் கோயில் கொடை. திருநெல்வேலிக்குப் போகாமல் தீராது. நாயும் கூட வர வேண்டுமென்றால் ஏ.சி. முதல் வகுப்பில் கூபே முழுவதையும் எடுக்க வேண்டும். இல்லையென்றால் அது கார்டு பெட்டிக் கூண்டில் தனியாகத்தான் வர வேண்டும். "இருட்டுல டைகர் பயந்துடாதா?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். இன்னும் பிறக்கவே பிறக்காத டைகர்!

இந்தப் பங்குனியில் தள்ளுபடி விலைக்கு நல்ல எஃகுச் சங்கிலி ஒன்று வாங்கி வந்தார். சரி, இந்த முறை நிச்சயம் என்று குடியிருப்பே நம்பியது. கொடைக்குப் போகும்போது நெல்லை எக்ஸ்பிரஸில் எனக்கும் அதே பெட்டியில்தான் இடம். கீழ் பெர்த்துக்கு அடியில் சூட்கேஸைச் சுற்றி அந்தச் சங்கிலியைப் போட்டுப் பூட்டி, இரண்டு முறை இழுத்துப் பார்த்து, "யானையைக் கட்டினாலும் தாங்கும் சார்" என்றார்.

மேல் பெர்த்திலிருந்து வீட்டம்மா எட்டிப் பார்த்தார். "டைகரைக் கட்டியாச்சா? லைட்டை அணைங்க."