தலைமேல் தூசி

கேள்வி: மாமன்னர் பற்றிய செய்திகளில் 'மென்ஜுன்ஜோங் டுலி' என்று வருகிறதே, என்ன பொருள் ஐயா? நாமும் எங்காவது பயன்படுத்தலாமா?
- வாசகர், சுங்கை பாக்காப்

பதில்: டுலி வேறு யாருமில்லை, நம்ம 'தூளி'தான். சமஸ்கிருதத்திலிருந்து மலாய்க்குப் போய் அரண்மனையில் குடியேறிவிட்டது. 'மென்ஜுன்ஜோங்' என்றால் தலைமேல் சுமப்பது. ஆக, மன்னரின் பாதத் தூசியைச் சிரமேல் தாங்கும் பணிவு. மாமன்னரின் பட்டத்தில் வரும் 'கெபாவா டுலி'யும் இதே கதைதான்: திருமுகம் பார்த்துப் பேசத் துணியாமல், காலடித் தூசிக்கும் கீழே நின்று விண்ணப்பிப்பது. வியக்காதீர்கள், விப்ரநாராயணர் என்ற அழகான பெயரை விட்டுத் 'தொண்டரடிப்பொடி' ஆனவர் நம்ம ஆழ்வார். அதுவும் அரசனின் கால்தூசி அல்ல, அடியார்களின் கால்தூசி!

பயன்படுத்தவா? பினாங்கில் சுல்தான் கிடையாதே! ஆளுநருக்குத் 'துவான் யாங் தெருத்தாமா' போதும். அதற்குள் ஓர் 'உத்தமர்' ஒளிந்திருக்கிறார். சுல்தான்தான் வேண்டுமென்றால் நிபோங் தெபால் தாண்டிப் பேராக்குக்குள் போங்கள். அவர் முன்னால் 'சாயா' எல்லாம் செல்லாது, 'பாத்திக்' என்று சொல்ல வேண்டும், ஏறக்குறைய நம் 'அடியேன்'. மற்றபடி, உங்கள் ஊர்ச் சாலையில் லாரி கிளப்பும் தூசி தலையில் விழுந்தால் அதற்குப் பெயர் டுலி அல்ல, 'ஹபுக்'. வீட்டுக்குப் போய்க் குளித்துவிடுங்கள்.