அங்கிளும் லாட்டரிச் சீட்டும்

ஓவியக் கண்காட்சிக்குப் போனால் என்ன செய்வோம்? கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, புரிந்த மாதிரி தலையாட்டி, விலையைப் பார்த்ததும் வாசலைத் தேடுவோம். இந்த வியாதிக்கு 1793-லேயே மெட்ராஸில் மருந்து கொடுத்தார்கள் இரண்டு வெள்ளைக்கார ஓவியர்கள். படங்களை விலை போட்டு விற்கவில்லை. லாட்டரி சீட்டு போட்டார்கள்!

பழைய இந்தியா என்று ஹோட்டல் சுவர்களில் கோபுரமும் பல்லக்குமாகத் தொங்குமே, அந்தப் படங்களின் பிரம்மாக்கள் தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல். தாமஸின் உடன்பிறந்தவர் மகன்தான் வில்லியம். அங்கிள் லண்டனில் கோச் வண்டிகளுக்குப் பெயின்ட் அடித்துத் தொழில் பழகியவர். கீழைநாடுகளின் அழகை உலகுக்குக் காட்டிய மகான், அதுவரை காட்டியதில் பாதி, பணக்காரர்களின் வண்டிக் கதவு.

1785-ல், 16 வயதுப் பையனையும் இழுத்துக்கொண்டு கப்பலேறினார். கல்கத்தாவுக்குத்தான். ஆனால் கப்பல் முதலில் போனது சீனாவுக்கு! டூர் பேக்கேஜில் ‘வழியில் சில இடங்கள்’ என்று போடுவார்களே, அந்த ரகம். கல்கத்தாவில் இறங்கி, செப்புத் தகட்டில் செதுக்கி, தாங்களே அச்சும் அடித்து, 12 காட்சிகளை வெளியிட்டார்கள். படங்கள் நன்றாகவே விற்றன. நம்ம இலக்கியப் பத்திரிகை ஆசிரியர்கள் பொறாமைப்படலாம்.

அப்புறம் வடக்கே ஒரு சுற்று. இவர்களுக்கு முன்பே வில்லியம் ஹாட்ஜஸ் என்கிற ஓவியர் அந்தப் பக்கம் வரைந்துவிட்டுப் போயிருந்தார். அவர் நின்ற இடத்திலேயே போய் நின்று, காட்சியைத் தாளில் விழவைக்கும் கேமரா அப்ஸ்க்யூரா பெட்டியை வைத்து, ‘ஐயா இங்கே கோட்டை விட்டிருக்கிறார்’ என்று சரிபார்ப்பதில் இருவருக்கும் அலாதி ஆனந்தம். கலைஞனுக்குக் கலைஞன் செலுத்தும் மரியாதை அப்படித்தானே!

தெற்கே வரக் காசில்லை. கல்கத்தாவில் படங்களுக்கு லாட்டரி நடத்தித் தேற்றினார்கள். 1792-ல் திப்புவுடன் சண்டை முடிந்த சூடு ஆறுவதற்குள் மெட்ராஸ் வந்து சேர்ந்தார்கள். சண்டை போட்ட மலைக்கோட்டைகளின் படத்துக்குக் கிராக்கி இருக்கும் என்பது அங்கிளின் கணக்கு. பல்லக்கு, பரிவாரம் சகிதம் மலைக்கோட்டைகள், மதுரை, ராமேஸ்வரம் என்று ஊர்வலம் கிளம்பியது. பட்ஜெட்டோ கடன்காரனுடையது, பந்தாவோ மாப்பிள்ளை வீட்டாருடையது!

பாம்பனில் ரயில் பாலம் வர இன்னும் 122 வருஷம் பாக்கி. படகுதான். அக்கரையில் ராமநாதசுவாமி கோயிலின் மூன்றாம் பிரகாரம், புதுக்கருக்கு மாறாமல் நின்றது. முடித்து வைத்த முத்துராமலிங்க சேதுபதி அப்போது ராமநாதபுரத்தில் ஆண்டுகொண்டிருந்தார். பெர்ஸ்பெக்டிவ் பழகுகிறவனுக்கு இரு பக்கமும் தூணாக ஓடும் அந்த நடையைவிட நல்ல வாத்தியார் கிடையாது. ஃபீஸும் இல்லை.

மெட்ராஸ் திரும்பியதும் மறுபடி லாட்டரி. அந்தப் பணத்தில் மேற்கு இந்தியப் பயணம். ஒரு டூருக்கு வரைந்ததைக் குலுக்கி அடுத்த டூர். அரசாங்க மானியத்துக்கு விண்ணப்பம் போட்டுக் காத்திருக்கும் ஓவியர்கள் கவனிக்கவும். ஆனால் நம் மாநிலத்தில் 2003-லேயே லாட்டரிக்குத் தடை விழுந்துவிட்டது.

1795-ல் லண்டனில் இருவரின் ‘ஓரியண்டல் சீனரி’ படத் தொகுப்பு வெளிவரத் தொடங்கியது. அடடா, என்ன அழகான தேசம் என்று உருகினார்கள் சீமான்கள். அதே 1795-ல் அந்த அழகான தேசத்தின் சேதுபதியைப் பதவியிலிருந்து இறக்கிச் சிறையில் போட்டது கிழக்கிந்தியக் கம்பெனி. படம் பார்க்க ஒரு கண், பட்டா பார்க்க இன்னொரு கண்!

மருமகப்பிள்ளை மாதிரி பின்னாலேயே நடந்த வில்லியம், 1822-ல் ராயல் அகாடமி உறுப்பினரானார். அந்தத் தேர்தலில் தோற்றவர்களில் ஒருவர், இங்கிலாந்தின் புகழ்பெற்ற நிலக்காட்சி ஓவியர் ஜான் கான்ஸ்டபிள். ஆமாம், அந்தக் கான்ஸ்டபிளேதான்! ஓட்டு என்று வந்துவிட்டால் ஓவியம் யாருக்கு வேண்டும்?

‘ஓரியண்டல் சீனரி’யில் மொத்தம் 144 படங்கள். அதில் நயினார்கோவில் இல்லை. இந்துக்களோடு இஸ்லாமியரும் வந்து கும்பிடும் நாகநாதர் சன்னிதி, பரமக்குடிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ராமேஸ்வரத்துக்குப் பறக்கும் ஓவியர்களே, பரமக்குடியில் இறங்கி நயினார்கோவில் பஸ்ஸைப் பிடியுங்கள். அங்கிளும் பையனும் உங்களுக்காக விட்டுவைத்த இடம் அது.