கதை அண்ணாச்சி

தூத்துக்குடியில் உப்புக்குப் பஞ்சம் வந்தாலும் வரலாம். புதிதாக எழுத வருகிறவனுக்கு உபதேசம் செய்யும் கதை அண்ணாச்சிமாருக்குப் பஞ்சம் வராது. 'சித்தி' தொடர் 1999-இல் ஆரம்பித்துத் தமிழகத்து அடுப்புகளை இரவில் சீக்கிரமே அணையச் செய்த அந்தப் பொற்காலத்தில், வடபழனி விடுதியறை ஒன்றில் 'டிஸ்கஷன்' என்ற பெயரில் சில மாதங்கள் பாயில் சம்மணமிட்டு வீற்றிருந்து, எந்தத் தொடரின் எழுத்து ஓடும்போதும் தம் நாமதேயத்தைக் காணும் பாக்கியமின்றியே ஊர் திரும்பி, ஆயினும் அந்தப் பாயின் மகிமையை இன்றளவும் குறையாமல் காப்பாற்றி வருகிற உத்தமர் நம் அண்ணாச்சி. கதை கேட்கக் கட்டணம் வாங்கமாட்டார். கால் கிலோ மக்ரூன் போதும். அது முந்திரி தாராளமாகச் சேர்க்கும் கடையில் வாங்கியதாக இருக்கவேண்டும் என்பதைத் தவிர வேறு நிபந்தனை கிடையாது.

அண்மையில் ஓர் இளைஞன், வ.உ.சிதம்பரனாரின் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடராக எழுத உத்தேசித்து, முதல் எபிசோடின் 'ஒன் லைன்' அடங்கிய நோட்டுடன் கடற்கரைச் சாலைத் தேநீர்க்கடையில் அண்ணாச்சியின் சந்நிதானத்தை அடைந்தான். 1906-இல் கம்பெனி பதிவானது, 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகளாக மூலதனம் வகுத்தது, காலியா, லாவோ கப்பல்கள் வந்தது, 1908-இல் கோரல் மில் வேலைநிறுத்தம், கைது, இரட்டை ஆயுள் தண்டனை, கோவைச் சிறையில் செக்கிழுத்தது ஆகிய யாவும் அந்த ஒரே எபிசோடில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன.

"எல்லாம் சரிதாம்லே தம்பி. செக்கையும் இன்னைக்கே இழுத்துட்டா நாளைக்கு என்னத்தக் காட்டுவ? ஆமா, இதுல மாமியாக்காரி எங்க?"

பையன் விழித்தான். அண்ணாச்சி பொட்டலத்தைப் பிரித்து, பாத்திரத்துக்கு ஒன்றாக மக்ரூன்களை மேஜைமீது வரிசையாக நிறுத்தி, பங்குதாரர், வெள்ளைக்கார ஏஜண்டு, நீதிபதி என ஒவ்வொருவராக விசாரித்து, முதல் நாளைக்கு அவசியமில்லை என்று தீர்ப்பானவரை அக்கணமே வாயில் போட்டுக்கொண்டார். நீதிபதி இரண்டு கடியில் முடிந்தார். சிதம்பரனாருக்கென்று வைத்ததை மட்டும், தேசபக்தியின் காரணமாகப் போலும், தின்னாமல் ஓரமாக நகர்த்தி, "மொத நாளு இவரு பேரு மட்டும் காதுல விழணும். ஆளு வரப்படாது" என்றார்.

நோட்டின் ஓரத்தில் பையன் அற்பமென்று ஒதுக்கிய குறிப்பு ஒன்று இருந்தது. சுதேசிக் கம்பெனியை முறிப்பதற்காக வெள்ளையர் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் பயணிகளை இனாமாக ஏற்றிக்கொண்டதோடு ஆளுக்கொரு குடையும் கொடுத்த விஷயம் அது. பையன் அதை வாசிக்கக் கேட்டதும் வாய்க்குப் போன அண்ணாச்சியின் கை பாதியில் நின்றது.

"குடையா? யாரு வாங்குனா?"

"சனங்கதான் அண்ணாச்சி."

"சனங்கன்னு ஒரு ஆளு கிடையாதுலே. மாமியாக்காரி வாங்கிட்டா. மருமக கம்மல அடகு வச்சுச் சுதேசிப் பங்கு எடுத்திருக்கா. ரெண்டு பேரும் கொழும்புக்குப் போணும். கிழவி குடைய வீட்டுக்குள்ளயே விரிச்சு நிக்கா. அங்க 'தொடரும்' போடு."

வடபழனிப் பாயில் அவர் கற்றது ஒரே வித்தைதான் என்றாலும், சரித்திரத்தை வீட்டு முற்றத்துக்கு இழுத்துவந்து சண்டை மூட்டிவிடும் அவ்வித்தை, நாற்பதாயிரம் பங்குகளாலும் ஆகாத காரியத்தை ஒரு குடையால் சாதித்துவிட்டது என்பதை மறுப்பதற்கில்லை. மளமளவென்று எழுதி முடித்த பையன், இரண்டாம் எபிசோடுக்கு எப்போது வரலாம் என்று பணிவோடு கேட்டான்.

"நாளைக்கே வா. அதுல ஆளு ஜாஸ்தி. அரைக் கிலோவா வாங்கிட்டு வா."