குமரகுருபரர் கட்சி

தமிழ்நாட்டில் தேர்தல் ஆணையத்துக்குத் தெரியாத ஒரு பெரிய கட்சி இருக்கிறது. கொடி இல்லை, சின்னம் இல்லை. ஆனால் திண்ணைக்குத் திண்ணை கிளை உண்டு. "புள்ளைக்கு இன்னும் பேச்சு வரலியே" என்று ஒரு தாய் வாய் திறந்தால் போதும், உறுப்பினர்கள் கூடிவிடுவார்கள். "ஸ்ரீவைகுண்டத்துக் குமரகுருபரர் 5 வயசு வரைக்கும் பேசவே இல்ல, தெரியுமா? திருச்செந்தூர் முருகன் வாயைத் திறந்து விட்டான். கந்தர் கலிவெண்பாவே வந்துச்சு!" எங்கள் ஊர் தெற்கே இருப்பதால் கட்சிக்கு இங்கே அசைக்க முடியாத செல்வாக்கு.

என் தங்கச்சி மகன் மாட்டிக்கொண்டது இந்தக் கட்சியிடம்தான்.

1 வயது 4 மாதத்தில், பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டேன் என்கிறான் என்று தங்கச்சி சொன்னாள். வேண்டியதை விரல் நீட்டிக் காட்டவும் மாட்டான். நம் கையைப் பிடித்து இழுத்துப் போய் அந்தப் பொருளின்மேல் வைப்பான். அத்தை உடனே தீர்ப்புச் சொன்னாள்: "ஏளா, அவன் தாத்தா பேசுனதே நாலு வயசுலதான். அப்புறம் வாயை மூட வைக்க முடிஞ்சுதா?" தாத்தா போய்ச் சேர்ந்து 20 வருஷம் ஆகிறது. குறுக்கு விசாரணைக்கு வழியில்லை.

அடுத்த மாதம் காதுகுத்து. தாய்மாமன் என்பதால் என் மடியில் உட்கார்த்தினார்கள். ஆசாரி இரண்டு காதையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார், புள்ளி வைத்தார், தள்ளி நின்று அளவு சரிபார்த்தார். அந்தக் காதை அவ்வளவு அக்கறையாகப் பார்த்தவர் அதற்கு முன்னும் இல்லை, பின்னால் ஒரு வருஷத்துக்கும் இல்லை. காது குத்த நாள் பார்த்த குடும்பம், காது கேட்கிறதா என்று பார்க்க நாள் பார்க்கவில்லை. அந்தக் குடும்பத்தில் நானும் ஒருவன். கறிச்சோறு நன்றாக இருந்தது.

1 வயது 9 மாதத்தில் வசம்பைச் சுட்டு நாக்கில் தேய்த்தார்கள். பிள்ளை வளர்ப்பான் என்று அதற்குப் பெயர். அமெரிக்காவில் 1968லேயே உணவில் சேர்க்கக் கூடாது என்று தடை செய்த சரக்கு. பிள்ளை வாந்தி எடுத்தான். "கெட்டதெல்லாம் வெளிய வந்துட்டு" என்றார்கள்.

சரியாக 2 வயதில் பேர்போன குழந்தை டாக்டரிடம் போனோம். டோக்கன் 64. மூன்று மணி நேரக் காத்திருப்புக்குப் பின் இரண்டு நிமிட தரிசனம். "ஆம்பளப் பையன்தானேம்மா, பேசிருவான். மூணு வயசு வரைக்கும் பாப்போம்." ஒரு டானிக் எழுதிக் கொடுத்தார். எம்.பி.பி.எஸ்., எம்.டி. படித்து முடித்த குமரகுருபரர் கட்சிக்காரர்! மலைக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரத்தில், 2 வயது வரையுள்ள பிள்ளைகளின் வளர்ச்சியைச் சோதிக்கவென்று 17 வரிகளில் ஒரு அட்டவணை செய்து 30 வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதற்கு வேண்டியது ஒரு பேனா, ஒரு மணி, சில நிமிடம். பேனா டாக்டர் சட்டைப்பையில் இருந்தது. மணி மேஜைமேல் இருந்தது, அடுத்த டோக்கனைக் கூப்பிட.

அரசாங்கத்தைக் குறை சொல்லக் கூடாது. காகிதத்தில் அது தங்கம். 2013இல் ராஷ்டிரிய பால ஸ்வஸ்த்ய கார்யக்ரம் என்று ஒன்று வந்தது. பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் பிள்ளைக்கு ஒரு மாதம் கூடிவிடும். மருத்துவக் குழு வருஷத்துக்கு இரண்டு தடவை அங்கன்வாடிக்கு வந்து பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். வளர்ச்சித் தாமதம் என்று தோன்றினால் மாவட்ட மையத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே குழந்தை மருத்துவர், உளவியலாளர், பேச்சுப் பயிற்சியாளர் எல்லோரும் இருக்க வேண்டும். எத்தனை 'வேண்டும்' பாருங்கள்!

நாங்கள் போன மையம் எந்த ஊர் என்று சொல்லப் போவதில்லை. அங்கே பேச்சுப் பயிற்சி அறை இருந்தது, சுவரில் யானைப் படம் இருந்தது, நாற்காலி இருந்தது. நாற்காலியில் ஆள் இல்லை. விவரம் குறித்துக்கொள்ள மட்டும் ஆள் இருந்தார். "மாசமா இருக்கும்போது என்ன சாப்பிட்டீங்க? போனைக் கையில கொடுத்தீங்களா? வேலைக்குப் போனீங்களா?" பிள்ளையைப் பரிசோதிக்கத்தான் போனோம், தேறாமல் போனது தாய். மச்சானை ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை. அவர் வண்டியை நிழலில் நிறுத்தப் போயிருந்தார்.

2 வயது 6 மாதத்தில்தான் காதுக்குப் பெரா பரிசோதனை நடந்தது. பிள்ளையைத் தூங்கவைத்துத் தலையில் ஒயர் ஒட்டிப் பார்த்தார்கள். காது நன்றாகக் கேட்கிறதாம். அப்படியானால், இத்தனை நாள் அவனை வைத்துக்கொண்டு வீட்டில் நாங்கள் பேசியதெல்லாம் அவன் காதில் விழுந்திருக்கிறது.

அப்புறம் வியாபாரிகள் வந்தார்கள். கட்சி 'பொறு' என்றது, இவர்கள் 'இன்றே கட்டு' என்றார்கள். ஒருவர் ஸ்டெம் செல் ஊசி போட்டால் பேச்சு வரும் என்றார், தவணை வசதியும் உண்டு என்றார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017ஆம் வருஷ வழிகாட்டு நெறி, சில ரத்த நோய்களைத் தவிர வேறு எதற்கும் ஸ்டெம் செல்லைச் சிகிச்சை என்று சொல்லி விற்கக் கூடாது என்கிறது. பயந்துபோன தாய் ரத்த நோயில் சேர்த்தியோ என்னமோ. இன்னொரு இடத்தில் 45 நிமிடப் பயிற்சிக்கு 700 ரூபாய். தாய் கதவுக்கு வெளியே உட்கார வேண்டும். மிச்ச 23 மணி நேரமும் பிள்ளையோடு இருக்கப் போகிறவளுக்கு ஒரு வார்த்தை சொல்லித் தர ஆள் இல்லை. இது ஆட்டிசமா, வேறு ஏதாவதா என்று பெயர் முடிவாகும் வரை பயிற்சியைத் தள்ளிப்போடத் தேவையே இல்லை என்பதை அவள் வேறொரு பிள்ளையின் தாயிடம்தான் தெரிந்துகொண்டாள், பஸ் ஸ்டாப்பில்.

கட்சிக்காரர்களுக்கு ஒன்று. உங்கள் தலைவரின் கதையை அரைகுறையாகச் சொல்லித் திரியாதீர்கள். அவரைப் பெற்றவர்கள் 'தானா வரும்' என்று ஸ்ரீவைகுண்டத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, அன்றைக்கு அவர்களுக்குத் தெரிந்த பெரிய வாசலுக்குப் போய் விழுந்து கிடந்தார்கள். வாசலில் ஆளும் இருந்தார்.

நாங்கள் போன வாசலில் பேச்சுப் பயிற்சியாளர் பணியிடம் இன்னும் காலி. அவனுக்கு இந்த வெள்ளிக்கிழமையோடு 3 வயது 2 மாதம்.